அண்ணன் பாதி

அந்தச் சுவத்துல எழுதியிருந்ததைப் படிச்சீங்களா தம்பி? சரி, பஸ்ஸு தாண்டிடுச்சு, விடுங்க. அடுத்த ஊர்லயும் இருக்கும். மன்னார்குடியிலேருந்து திருத்துறைப்பூண்டி வரைக்கும் ஒரு சுவத்தை விட்டு வைக்கலை. 'உயிர் உரம் இடுவீர், மண்ணின் உயிர் காப்பீர்.' பக்கத்துல ஒரு பொம்பளை படம், கையில நெல்லுக்கட்டை வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. நெல்லு அறுத்த எந்தப் பொம்பளை அப்படிச் சிரிச்சு நீங்க பாத்திருக்கீங்க? இடுப்பு ஒடிஞ்சு கெடப்பா.

நீங்க எங்க, திருத்துறைப்பூண்டியா? விவசாயமா, உத்தியோகமா? செல்போன் கடையா. நல்ல தொழிலு. வெயில் கெடையாது, மழை கெடையாது. அப்ப உங்களுக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரிஞ்சிருக்காது. நான் சொல்றேன், கேட்டுக்கிட்டே வாங்க. ஜன்னலை மட்டும் கொஞ்சம் தள்ளி விடுங்க, காத்து வரட்டும்.

உயிர் உரம்னா என்னன்னு கேளுங்க. ஒரு பாக்கெட்டு. பிரிச்சா உள்ள கரித்தூளு மாதிரி ஒரு தூளு. அடுப்புல தண்ணி ஊத்தி அணைச்சா என்ன கெடைக்குமோ அதேதான். அதுக்குள்ள உயிர் இருக்காம். கோடிக்கணக்குல இருக்காம். கண்ணுக்குத் தெரியாதாம். காத்துல இருக்கிற சத்தைப் பிடிச்சாந்து நெல்லு வேருக்கு ஊட்டுமாம். பேரு அசோஸ்பைரில்லம். இன்னொண்ணு பாஸ்போபாக்டீரியா. வாயிலயே நுழையலை, அது வயல்ல எங்கேருந்து நுழையும்? இதை அரசாங்கம் பாதி வெலைக்குக் குடுக்குது தம்பி. ஏன் குடுக்குது? முழு வெலைக்கு வாங்க ஒரு பய கெடைக்க மாட்டான், அதான். நல்ல சரக்குக்கு எவனாவது மானியம் குடுப்பானா?

என் பேரு வைரக்கண்ணு. ஒரு வேலிக்கு மேல, ஏழு ஏக்கர் கிட்ட, நெலம் இருக்கு எனக்கு. எங்க ஊர்ல வந்து கேட்டுப் பாருங்க. எந்த நெல்லு விடலாம், எப்ப மேலுரம் போடலாம், எந்தப் பூச்சிக்கு எந்த மருந்துன்னு ஒருத்தனுக்குச் சந்தேகம்னா என் வாசல்லதான் வந்து நிப்பான். அப்படிப்பட்டவனை இன்னைக்கு ஊரே பாத்துச் சிரிக்குது. அதுவும் யாரால? கூடப் பொறந்தவளால.

எனக்கு ஒரே தங்கச்சி. கலைமணின்னு பேரு. வெளியூர்ல குடுத்தா கண்ணுக்குத் தெரியாம போயிடும்னு உள்ளூர்லயே குடுத்தோம். மாப்பிள்ளை நல்ல மனுஷன், வாய் பேச மாட்டாரு. மஸ்கட்ல இருக்காரு. அவங்களுக்கு மூணு மா நெலம். ஒரு ஏக்கர்னு வெச்சுக்கங்க. என் வயலுக்கு அடுத்த வயல், நடுவுல ஒரு வரப்புதான். மாப்பிள்ளை பிளேன் ஏறுன நாள்லேருந்து அந்த நெலத்தை நான்தான் பாத்தேன். குத்தகை அது இதுன்னு ஒண்ணும் பேசிக்கிட்டதில்லை. அண்ணன் தங்கச்சிக்குள்ள என்ன குத்தகை? அறுவடை முடிஞ்சா அவ வீட்டுக்கு வேண்டிய அரிசி போயிடும். பொங்கலுக்குப் புடவை, வெல்லம், கரும்பு, எதுலயும் குறை வெச்சதில்லை. மிச்சம் என்ன ஆச்சுன்னு அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவ்வளவு ஒத்துமையா இருந்தோம்.

போன வருஷம் ஆடி மாசம் வீட்டுக்கு வந்தா. என் வீட்டுக்காரி தையல்நாயகி காப்பி குடுத்தா. குடிச்சு முடிச்சு டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டு வந்து நிக்கிறா.

"அண்ணே, இந்த சம்பாவை நானே பண்ணிக்கிறேன்" அப்படிங்கறா.

எனக்கு முதல்ல புரியலை. "எதைப் பண்றே?"

"நம்ம வயலை. நானே விதை விட்டு நானே பண்ணப் போறேன். ரிஸ்வானா மேடம் எங்க வயலைச் செயல்விளக்கத் திடலா எடுத்திருக்காங்க. உயிர் உரம் எல்லாம் ஆபீஸ்லயே குடுக்கறாங்க. எப்படிப் போடணும்னு கூட நின்னு சொல்லித் தருவாங்க."

ரிஸ்வானாங்கறது யாருன்னா, எங்க பகுதிக்கு வந்த உதவி வேளாண்மை அலுவலர். ஒரு ஸ்கூட்டர்ல வரும். தலையில ஒரு பெரிய ஹெல்மெட்டு, பாத்தா சட்டியைக் கவுத்த மாதிரி இருக்கும். அது கழுத்து நிமிர்ந்து நிக்கிறதே பெரிய விஷயம். அது எங்களுக்கு விவசாயம் சொல்லிக் குடுக்குதாம். எங்க ஊர் பொம்பளைங்களை எல்லாம் கூட்டி சமுதாயக் கூடத்துல உக்கார வெச்சுப் படம் காட்டுச்சு. அங்க இவ போய் உக்காந்து வந்ததுதான் வினை.

நான் கோவப்படலை தம்பி. சிரிச்சேன். "செய்யி, செய்யி. பயிரு உன்கிட்ட வந்து பசிக்குதுன்னு சொன்னா மட்டும் எனக்கு ஆள் அனுப்பு"ன்னேன்.

அவ சிரிக்கலை. "சரிண்ணே"ன்னுட்டுப் போயிட்டா.

அதுக்கப்புறம் நடந்ததைப் பாக்கணுமே நீங்க. அரிசிக் கஞ்சி காய்ச்சறா. காய்ச்சி, நல்லா ஆற வெச்சு, அதுல அந்தக் கரித்தூளைக் கொட்டி, விதை நெல்லைப் போட்டுப் பொரட்டி நிழல்ல உலத்துறா. நான் வேலி ஓரமா நின்னு பாத்தேன். "என்னடி, நெல்லுக்குச் சோறு ஊட்டுறியா, அப்படியே தாலாட்டும் பாடிடு"ன்னேன். பக்கத்துல நின்ன பொம்பளைங்க சிரிச்சாளுங்க. அவ குனிஞ்ச தலை நிமிரலை. நாத்துப் பறிச்சதும் நட வேண்டியதுதானே? அதையும் அந்தத் தூளு கரைச்ச தண்ணியில வேர் நனையிற மாதிரி வெச்சு எடுத்து நடறா. நடவு ஆளுங்க எல்லாம் என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டுறாங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு.

அதுகூடப் பரவாயில்லை தம்பி. ரோட்டோரத்துல ஒரு போர்டு நட்டானுங்க பாருங்க. பச்சை பெயிண்டு. 'உயிர் உரச் செயல்விளக்கத் திடல். விவசாயி பெயர்: செ. கலைமணி.' விவசாயியாம்! நான் எத்தனை வருஷமா அந்த மண்ணுல கெடந்து உருண்டிருக்கேன், எனக்கு எவனாவது போர்டு நட்டானா? போற வர்றவன் எல்லாம் வண்டியை நிறுத்திப் படிச்சுட்டுப் போறான். "வைரக்கண்ணு, உன் தங்கச்சி விவசாயி ஆயிட்டாளாமே"ங்கறான். நான் என்ன சொல்ல?

நட்டு ஒரு மாசம் ஆச்சு. என் வயலு கரும்பச்சையா நிக்குது. பக்கத்துல அவ வயலு வெளுத்தாப்ல இருக்கு. மஞ்சள்னு சொல்ல மாட்டேன். இளம்பச்சை. ஆனா என் பச்சைக்குப் பக்கத்துல பாத்தா சோகை பிடிச்ச புள்ளை மாதிரிதான் தெரிஞ்சுச்சு. யூரியாவை ஒரேடியா வேணாம்னு அந்தப் பொண்ணு சொல்லலை, குறைச்சுக்கச் சொல்லியிருக்கு. குறைச்சுக்கன்னா பொம்பளைங்க ஒரு பிடி ரெண்டு பிடின்னு கோலமாவு தூவுற மாதிரிதானே தூவுவாளுங்க?

டீக்கடையில பேச ஆரம்பிச்சுட்டானுங்க. "என்னய்யா, உன் வரப்புக்கு அந்தப் பக்கம் பயிரா புல்லா?" எனக்குச் சுருக்குன்னுச்சு. அது யாரு வயலா வேணா இருக்கட்டும், வைரக்கண்ணு தங்கச்சி வயலு இல்லையா? பயிரு வெளுத்தா மானம் யாருக்குப் போவுது?

நேரா அவ வீட்டுக்குப் போனேன். அந்த ஸ்கூட்டர் பொண்ணும் அங்கதான் இருந்துச்சு. கையில ஒரு அட்டை. பச்சை நெறத்துல கட்டம் கட்டமா போட்டிருக்கு. அதை இலை பக்கத்துல வெச்சுப் பாத்து எவ்வளவு உரம் வேணும்னு சொல்லுமாம். துணிக்கடையில ரவிக்கைக்கு மேட்ச் பாக்கற மாதிரி.

"கலைமணி, நான் ஒரு மூட்டை யூரியா தர்றேன். இன்னைக்கே போட்டுடலாம்"னேன்.

"வேணாம்ணே. அட்டை வெச்சுப் பாத்துட்டோம். போதுமான பச்சை இருக்கு."

"உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? என் வயலைப் பாரு, உன் வயலைப் பாரு."

அந்தப் பொண்ணு குறுக்க வந்துச்சு. "அண்ணே, ரொம்பப் பச்சையா இருந்தா பூச்சிக்கு விருந்து வெச்ச மாதிரி. தண்டும் தெம்பில்லாம வளரும். காத்தடிச்சா சாஞ்சுடும்."

"ஏம்மா, மானியத்துல குடுக்கற கரித்தூளை நம்பி என் தங்கச்சி தெருவுல நிக்கணுமா?"

அது சிரிச்சுச்சு. "அண்ணே, உங்க யூரியா மூட்டையும் மானியத்துலதான் வருது. அதுக்கு அரசாங்கம் குடுக்கறதுல கால்வாசி கூட இதுக்குக் குடுக்கறதில்லை."

பாத்தீங்களா, வாயை? யூரியாவும் இதுவும் ஒண்ணா? அது காலங்காலமா குடுக்கறது, நமக்கு வரவேண்டியது. அது வேற, இது வேற. அதை நான் சொன்னேன். அதுக்கும் அது சும்மா சிரிச்சுக்கிட்டே நிக்குது.

கலைமணி சொன்னா, "அண்ணே, உன் வயலை நீ பாரு. என் வயலை நான் பாத்துக்கறேன்."

உன் வயலு, என் வயலு. தம்பி, அவளை முதுகுல தூக்கிக்கிட்டு ஆத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துல விட்டவன் நான். மழைத்தண்ணி ஓடும், காலை நட்டு நட்டுப் போவேன், கழுத்தை இறுக்கிப் பிடிச்சுக்குவா. அந்த வாயிலேருந்து வருது, உன் வயலு, என் வயலுன்னு.

அப்புறம் நான் என்ன செஞ்சேன்னு கேட்டா, ஒரு அண்ணன் என்ன செய்யணுமோ அதைச் செஞ்சேன். அடுத்த வாரத்துலயே பட்டுக்கோட்டையில ஒரு கல்யாணம். அவ காலையிலயே கெளம்பிட்டா. நான் பக்கிரிசாமியைக் கூப்பிட்டேன். எனக்கு உரம் தெளிக்கிற ஆளு. கை வீச்சு நல்லா இருக்கும் அவனுக்கு. ஒரு மூட்டையை அவன் தோள்ல ஏத்தி, "போய்த் தங்கச்சி வயல்ல தெளிச்சுட்டு வா. ஒரு மூலை விடாதே. யார்கிட்டயும் வாயைத் தொறக்காதே"ன்னேன். அவன் தலையைச் சொறிஞ்சான். "அண்ணே, அந்த மேடத்துக்குத் தெரிஞ்சா..."ன்னான். "வயலு எங்க குடும்பத்துது. மேடத்துக்கு என்ன?"ன்னு அனுப்பி வெச்சேன்.

போனான், வந்தான். "முழுசும் போட்டாச்சுண்ணே"ன்னான். நிம்மதியா சாப்பிட்டுப் படுத்தேன். தெரியாம செஞ்ச உதவிதான் தம்பி உதவி. சொல்லிக் காட்டிச் செய்யறவன் நான் இல்லை.

அந்தக் களவாணிப்பய என்ன பண்ணியிருக்கான்? ரோட்டுப் பக்கத்துலேருந்து தெளிச்சுக்கிட்டே போயிருக்கான். பாதி வயலு தாண்டறப்ப தூரத்துல ஸ்கூட்டர் சத்தம் கேட்டிருக்கு. மிச்ச உரத்தோட மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாய்க்கால்ல எறங்கி ஓடிட்டான். அந்த மிச்சத்தைத் தன் அக்கா வீட்டு வயல்ல போட்டுட்டானாம். என்கிட்ட முழுசும் போட்டாச்சுன்னு சொல்லிட்டான். இவனுங்களை வெச்சுக்கிட்டு நாம எங்க தம்பி முன்னேறறது?

கொஞ்ச நாள்ல தெரிஞ்சுபோச்சு. வயலுக்கு நடுவுல கோடு கிழிச்ச மாதிரி இருக்கு. ரோட்டுப் பக்கம் கரும்பச்சை, என் வயலு மாதிரியே. உள்பக்கம் அதே இளம்பச்சை. ஆனா ரோட்டுல போறவன் கண்ணுக்கு அந்தப் பச்சைதானே தெரியும்? டீக்கடையில பேச்சு நின்னுபோச்சு. "தேவலையே, தங்கச்சி வயலு தெளிஞ்சுடுச்சே"ன்னானுங்க. நான் ஒரு டீ கூடக் குடிச்சுட்டு வந்தேன்.

கலைமணி வரப்புல வந்து நின்னா. அந்தப் பாதியைப் பாத்தா, என் வயலைப் பாத்தா, அப்புறம் என்னைப் பாத்தா. நான் மம்பட்டியால வரப்பு வெட்டிக்கிட்டிருந்தேன்.

"அண்ணே, நீயா?"

"எது?"

அவ்வளவுதான். அதுக்கு மேல கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஏன் மறைக்கப்போறேன்? நல்லதுதானே செஞ்சேன்.

கார்த்திகையில மழை பிடிச்சுச்சு. விட்டு விட்டுப் பேஞ்சுது, நடுவுல புழுக்கம். அப்புறம் வந்துது புகையான். செல்போன் கடைக்காரருக்குப் புகையான் தெரியாது. சின்னப் பூச்சி. தண்டோட அடியில ஈயா மொய்க்கும், சாறை உறிஞ்சும். வட்ட வட்டமா பயிரு கருகும், யாரோ நெருப்பு வெச்சுட்டுப் போன மாதிரி. வந்தது எங்க உக்காந்துச்சு? ரோட்டுப் பக்கத்துப் பாதியில. மார்கழி காத்துல மிச்சமிருந்ததும் படுத்துடுச்சு, பாய் விரிச்ச மாதிரி. உள்பக்கத்துப் பாதி அங்கங்க கொஞ்சம் தொட்டுட்டு விட்டுடுச்சு. நிக்குது. கதிரு வாங்கித் தலை சாஞ்சு நிக்குது.

என் வயலா? என் வயல்லயும் பூச்சி வந்துச்சுதான். அது எல்லா வருஷமும் வர்றது. மருந்து அடிச்சேன். அடிச்சும் கேக்கலை. அதுக்கு என்ன பண்றது, மருந்துல கலப்படம். இப்ப நாம அதையா பேசிக்கிட்டிருக்கோம்?

அந்த ஸ்கூட்டர் பொண்ணுக்கு மொகமே தொங்கிப்போச்சு. நான் வரப்புல நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். "அக்கா, செயல்விளக்க வயல்ல வெளி உரம் விழுந்தா கணக்குல எடுக்க முடியாது. மேல சொல்லித் திடலை ரத்து பண்ணிடறேன். உங்க மேல தப்பு இல்லைன்னு நான் எழுதறேன்"னு சொல்லுது. எனக்கு மனசுக்குள்ள சரிதான்னு இருந்துச்சு. போர்டைப் பிடுங்கிட்டுப் போகட்டும், தலைவலி விட்டுது. வயலு பழையபடி நம்ம கைக்கு வந்துடும். அவளும் பழையபடி ஆயிடுவா.

கலைமணி கெடந்து அழுவான்னு பாத்தா, அழலை. அந்தக் கருகுன தண்டு ஒண்ணைப் பிடுங்கிக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறா. "ரத்து பண்ணாதீங்க மேடம். ரெண்டு பாதியும் இப்படியே இருக்கட்டும். வயல் விழாவுக்கு எல்லாரையும் கூட்டிட்டு வாங்க"ங்கறா.

வயல் விழான்னா, அறுவடைக்கு முன்னாடி நாலு ஊர் விவசாயிங்களை வேன் வெச்சுக் கூட்டியாந்து காட்டுறது. சாமியானா, மைக்கு, சுண்டல். அதுக்கு என்னைக் கூப்பிட அவளே வீடு தேடி வந்தா தம்பி. வெத்தலை பாக்குத் தட்டோட. "அண்ணே, நீ கட்டாயம் வரணும். முன் வரிசையில உக்காரணும்." என்ன இருந்தாலும் ரத்தம்னு நெனச்சேன். வெள்ளை வேட்டி சட்டை இஸ்திரி போட்டுக் கட்டிக்கிட்டுப் போனேன். பொன்னாடை போடுவானுங்கன்னு ஒரு எண்ணம் இருந்துச்சு, அதை ஏன் மறைக்கணும்.

அதிகாரிங்க எல்லாம் பேசுனானுங்க. ஒருத்தனும் கேக்கலை, சுண்டலுக்குக் காத்துக்கிட்டிருந்தானுங்க. அப்புறம் கலைமணியைக் கூப்பிட்டாங்க. அவ மைக்கைப் பிடிச்சதே இல்லை. எனக்கே பாவமா இருந்துச்சு. எல்லாரையும் வரப்புக்குக் கூட்டிட்டுப் போனா.

"இது உயிர் உரம் போட்டு யூரியாவைக் குறைச்ச பாதி"ன்னு காட்டுனா. எல்லாரும் பாத்தானுங்க. சில பேரு எறங்கிக் கதிரைக் கையில பிடிச்சு எடை பாத்தானுங்க.

"அது"ன்னு ரோட்டுப் பக்கம் கையைக் காட்டுனா. "அது எங்கண்ணன் பாதி."

எனக்கு ஒண்ணும் ஓடலை.

"எங்கண்ணனுக்கு என் மேல பாசம் அதிகம். பயிரு வெளுத்திருக்கேன்னு மனசு கேக்காம, நான் ஊர்ல இல்லாதப்ப ஒரு மூட்டை யூரியாவை அனுப்பி வெச்சாரு. பாசம் அளவு மீறுனா பயிரு என்ன ஆவும்னு எல்லாரும் எறங்கிப் பாத்துக்கங்க"ன்னா.

தம்பி, சிரிச்சானுங்க பாருங்க. அதிகாரி சிரிக்கிறான், வேன் டிரைவர் சிரிக்கிறான், சுண்டல் கிண்டுறவன் கரண்டியை வெச்சுட்டுச் சிரிக்கிறான். வேதாரண்யம் பக்கத்துலேருந்து வந்த ஒரு ஆளு, வயசானவரு, படுத்துக்கெடந்த பயிரைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, "அந்த அண்ணன் யாரும்மா?"ன்னு கேக்கறாரு. ஊர்க்காரன் அத்தனை பேரும் ஒரே நேரத்துல திரும்பி என்னைப் பாக்கறான். பக்கிரிசாமி அங்கதான் நின்னான். அவனும் பாக்கறான், அந்தப் பய!

வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கெளம்பி வந்துட்டேன்.

அதுலேருந்து பேச்சு இல்லை. ஆனா அந்தச் சொல்லு மட்டும் நிக்க மாட்டேங்குது. குறுவையில எவனாவது யூரியாவை ரெண்டு கை சேத்துப் போட்டா, "டேய், அண்ணன் பாதி ஆயிடப் போவுதுடா"ங்கறான். அந்த ஸ்கூட்டர் பொண்ணு ஊர் ஊராப் போய்ப் படம் காட்டுதாம், அதுல ரெண்டாவது படமே என் பாதிதானாம். தையல்நாயகி இருக்காளே, என் சோத்தைத் தின்னுட்டு ஒருநாள் சொல்றா, "அவ வயல்ல பாதிதான் அண்ணன் பாதி, நம்ம வயலு முழுசுமே அண்ணன் பாதிதானே"ன்னு. தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டேன்.

ஒருநாள் கலைமணி வீட்டுக்கு வந்தா. நான் சுவத்தைப் பாத்து உக்காந்துக்கிட்டேன். வந்து எதிர்ல உக்காந்தா.

"கோவமாண்ணே?"

நான் இன்னும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

"நீ வந்து கேட்டிருக்கலாம். இல்லைன்னா செஞ்சதுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாம். நான் தோத்தா என் கையால தோத்துட்டுப் போறேன். நீ ஜெயிச்சுக் குடுத்தாலும் எனக்கு வேணாம்ணே. இது புரியலையா உனக்கு?"

எனக்கு என்ன புரியணும்? கூட்டத்துக்குப் போய்ப் போய்ப் பேசக் கத்துக்கிட்டா, வேற என்ன. நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா ஆளில்லை. சாப்பிடாமலே போயிட்டா. எங்க வீட்டுக்கு வந்து அவ சாப்பிடாம போனது அதான் முதல் தடவை.

மாப்பிள்ளை போன் பண்ணாரு மஸ்கட்லேருந்து. சரி, நியாயம் கேப்பாருன்னு பாத்தேன். "மச்சான், இனிமே அதுவே பாத்துக்கட்டும். நீங்க ஏன் அலையறீங்க"ன்னாரு. வாயே பேசாத மனுஷன், பேசுனது அது ஒண்ணுதான். இப்ப அவ எதுக்கும் என்கிட்ட வர்றதில்லை தம்பி. எந்த நெல்லு விடறா, எந்த ஆளை நடவுக்குக் கூப்பிடறா, எதுவும் தெரியாது. பம்புசெட்டு மோட்டார் எரிஞ்சுபோய் இவளே வண்டி வெச்சு எடுத்துட்டுப் போய் சரி பண்ணிக் கொண்டாந்திருக்கா. அதை எனக்கு டீக்கடைக்காரன் சொல்றான். டீக்கடைக்காரன்!

போகட்டும். எனக்கு என்ன வந்துது? நாலு பாக்கெட்டு கரித்தூளுக்காக அண்ணனைத் தூக்கி எறிஞ்சவ...

இது எந்த ஸ்டாப்பிங்கு? வேளாண்மை டிப்போ ஸ்டாப்பிங்கா? அடடா. தம்பி, கொஞ்சம் முன்னால சாஞ்சுக்குங்க. இன்னும் கொஞ்சம். தலையைத் திருப்பாதீங்க. முன்பக்கம் ஏறுறா பாருங்க, நீலப் புடவை, கையில பை. அவதான். கலைமணிதான். உயிர் உரம் வாங்க வந்திருப்பா, ஆடி பொறந்துடுச்சு இல்ல. துண்டால மூஞ்சியை மூடிக்கறேன். தூங்கறவன் மாதிரி இருந்துக்கறேன். இவளுங்களுக்கு டிக்கெட்டும் கெடையாது, இதுவும் அரசாங்கம் குடுக்கறதுதான். ஏறி ஏறி எறங்கறாளுங்க.

இங்கதான் பாக்கறாளா? பாக்கலையா. சரி.

எளைச்சுட்டா. கழுத்தெல்லாம் எலும்பு தெரியுது. வெயில்ல நின்னா இளைக்காம என்ன பண்ணும்? சொன்னா கேக்கறாளா. எவனாவது எழுந்து இடம் குடுக்கறானா பாருங்க, தடிப்பசங்க, போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. கம்பியைப் பிடிக்கவும் முடியாம பையைத் தூக்கவும் முடியாம நிக்கிறா. கண்டக்டர் என்னமோ சொல்றான். பையை எங்க வைக்கச் சொல்றான்? டிரைவர் பக்கத்துலயா?

ஐயோ, இஞ்சின் மேலயா வைக்கப் போறா! தம்பி, எந்திரிங்க, எந்திரிங்க. போய் அந்தப் பையை வாங்குங்க. இஞ்சின் மேல வெச்சா கொதிக்குமே, சூடு பட்டா உள்ள இருக்கறது அத்தனையும் செத்துப்போயிடுமே! நிழல்ல வெச்சு நிழல்லயே கொண்டு போவணும் அதை. எனக்கா? எனக்கு எப்படித் தெரியும், அந்த ஸ்கூட்டர் பொண்ணு மைக்குல கத்துச்சு, காதுல விழுந்துச்சு. இப்ப அதுவா முக்கியம்? வாங்கிட்டு வந்து நம்ம சீட்டுக்கு அடியில வெயில் படாம வைங்க. அவளையும் கூப்பிட்டு இங்க உக்கார வைங்க. நான் பின்னாடி போய் நின்னுக்கறேன். சீக்கிரம் போங்க தம்பி. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.